மீசைத் தாத்தாவும் ஒரு பொண்ணோட குரலும்: குர்து மலைநாட்டுல ஒன்பது நாள்

நாள் 1, தியார்பக்கிர்

துருக்கியோட தென்கிழக்குல இருக்கற ஊர். ராத்திரி லேட்டா வந்து எறங்குனதால ஊர் முகமே தெரியல. காலைல ஜன்னலைத் திறந்தா எதிர்லயே கறுப்பா ஒரு கோட்டைச் சுவர், எரிமலைக் கல்லு, ஊரைச் சுத்தி கிட்டத்தட்ட 6 கிலோமீட்டருக்கு ஓடுது. 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க, அதே வருஷக் கடைசில நடந்த சண்டையில சுவருக்கு உள்ள இருந்த சூர் பகுதியில பெரிய பங்கு இடிஞ்சும் போச்சு. பஸ் போர்டுல தியார்பக்கிர்னு இருக்கும், குர்து ஜனங்க வாயில ஆமெத்.

நான் இவ்ளோ தூரம் வந்தது சூருக்குள்ள இருக்கற ஒரு பழைய கல்வீட்டுக்காக. மாலா தெங்பேஜான். மால்னா வீடு, தெங்னா குரல், பேஜ்னா சொல்றது; தெங்பேஜ்னா கதையைப் பாட்டாவே பாடிச் சொல்றவர். 2007ல திறந்தாங்க. நடுவுல முற்றம், சுவரோரமா நாற்காலி, கோட்டு போட்ட பெரியவங்க வரிசையா உக்காந்து கையில ஜெபமாலையை உருட்டிக்கிட்டு இருக்காங்க. டிக்கெட் கிடையாது, மைக் கிடையாது, ஒரு வாத்தியம்கூட கிடையாது. சின்ன கண்ணாடி டம்ளர்ல டீ வருது, குடிச்சு முடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு வருது.

எழுபதைத் தாண்டுன ஒருத்தர், அடர்த்தியான வெள்ளை மீசை, ஒரு கையை காதுகிட்ட வெச்சு கண்ணை மூடுனாரு. “லோ… லோ லோ லோ…”ன்னு மேல இருந்து ஒரு கூப்பாடு. அதுக்கப்புறம் நடந்ததை எப்படி எழுதறதுன்னு தெரியல, ஒரே சுரத்துல, இல்ல ரெண்டு சுரத்துக்கு நடுவுல, வார்த்தைங்க மழை மாதிரி கொட்டுது, மூச்சு எவ்ளோ தாங்குமோ அவ்ளோ தூரம், தாளம் எண்ணலாம்னு நான் தொடையில விரலை வெச்சா எங்கயும் நிக்கல, ஒரு வரி எட்டு அசைனா அடுத்தது இருபது அசை, ஆனா ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி ஓசையில வந்து முடியுது, அந்த முடிவுல குரல் படி எறங்குற மாதிரி கீழ வந்து கடைசி அசையை இழுத்துப் பிடிச்சு அப்படியே நிக்குது. மொத்தமே நாலஞ்சு சுரம்தான். அதுக்குள்ள ஒரு ஆயுசு.

எனக்கு மொழிபெயர்க்க வந்த பொண்ணு இங்க காலேஜ்ல படிக்கிறா, என்னை “ஹுவிஷ்கே”ன்னு கூப்பிடுறா, அக்கா தங்கச்சியை அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். அவ காதுல கிசுகிசுத்தா: “அவர் ‘லோ’ன்னு கூப்பிடுறாரு பாருங்க. லோன்னா ஆம்பளையைக் கூப்பிடுறது, பொம்பளையைக் கூப்பிடணும்னா லே.” அப்ப இந்தத் தாத்தா எந்த ஆம்பளையைக் கூப்பிடுறாரு? “அவர் கூப்பிடல. பாட்டுல பேசுறது ஒரு பொண்ணு.”

இதுதான் இன்னிக்கு என்னை ஆட்டி வெச்ச விஷயம். இந்த நீளமான பாட்டுங்களுக்கு பொதுப்பேரு கிலாம். வீரம் பேசுற கிலாம் உண்டு, சண்டை பேசுறது உண்டு, ஆனா காதல் கிலாம்ல பெரும்பாலும் பேசுறவ பொண்ணுதான். லாவிக்னு ஒரு வகைக்கே பேரு இருக்கு, லாவிக்னா பையன், அதாவது அவ அவனைக் கூப்பிடுற பேரே பாட்டுக்குப் பேரு. மீசை நரைச்ச ஆம்பளைங்க, பேரன் பேத்தி எடுத்தவங்க, கண்ணை மூடிக்கிட்டு பதினேழு வயசுப் பொண்ணா மாறி “எங்கப்பன் என்னைக் குடுக்க மாட்டேங்கிறான், நீ வந்து என் கையைப் பிடிச்சு தூக்கிட்டுப் போ”ங்கற மாதிரி அழுறாங்க, சுத்தி இருக்கற ஆம்பளைங்க தலையாட்டுறாங்க, ஒருத்தர் கண்ணைத் துடைக்கிறாரு. யாருக்கும் இது விசித்திரமாப் படல.

ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்துச்சு, கெஸெப். கல்லீரல். “கெஸெபா மின்”னா என் ஈரலே, என் உசுரே. குர்து பாட்டுல காதல் வந்து உக்கார்ற எடம் இதயம் மட்டும் கிடையாது, ஈரலும்தான், எரியறதும் கருகறதும் அதுதான். ஈரக்குலை நடுங்கிப்போச்சுன்னு சொல்லிச் சொல்லி வளந்த எனக்கு அதுக்கு விளக்கமே தேவைப்படல.

கெளம்பறப்ப அந்தத் தாத்தாகிட்ட கேட்டேன், இந்தப் பாட்டையெல்லாம் யார் கட்டினாங்க ஆபோ? (அப்பாவோட கூடப்பிறந்தவரை அப்படிக் கூப்பிடுவாங்க, பெரியவங்க எல்லாருக்கும் அதுதான் மரியாதை.) “பொம்பளைங்கதான், நெறைய அவங்க கட்டினது. நாங்க வாங்கி ஊர் ஊரா எடுத்துட்டுப் போனோம்.” அப்ப அவங்க ஏன் இந்த முற்றத்துல இல்ல? கொஞ்ச நேரம் மாலையை உருட்டிட்டு ஒரே வார்த்தை சொன்னாரு. ஷெர்ம். வெட்கம், மானம், ரெண்டும் சேந்த சொல்.

நாள் 2, தியார்பக்கிர்

சூர்ல ஒரு சந்துல டீக்கடை வாசல்ல கூண்டு தொங்குது, உள்ள கவுதாரி. செவப்பு மூக்கு, கழுத்துல கறுப்பு வளையம். குர்திஷ்ல கெவ். பாட்டுல இதைக் கேக்காத நாளே இல்ல. அழகான பொண்ணு நடையும் கெவ், மலையில திரியற காதலியும் கெவ். ஆனா அதுக்குள்ள ஒரு முள்ளும் இருக்கு. வேட்டைக்காரன் பழக்குன கவுதாரியைக் கூண்டோட மலையில கொண்டு வைப்பான், அது கத்தும், அதைக் கேட்டு காட்டுக் கவுதாரிங்க வந்து மாட்டும். அதனால கவுதாரி தன் இனத்துக்கே எதிரின்னு பழமொழி. ஒரே பறவை, அழகுக்கும் அதுதான் துரோகத்துக்கும் அதுதான், அப்ப ஒரு பாட்டுல கெவ்னு வந்தா எதைச் சொல்றாங்கன்னு குரலை வெச்சுதான் தெரிஞ்சுக்கணும்.

கடைக்காரர் ரேடியோ கதை சொன்னாரு. துருக்கியில குர்து மொழிக்கு எவ்ளோ காலம் தடை, 1983ல தனிச் சட்டமே போட்டாங்க, 1991லதான் அதை எடுத்தாங்க. கேசட்டை மண்ணுல புதைச்சு வெச்ச வீடுங்க உண்டு. ஆனா எல்லைக்கு அந்தப் பக்கம் சோவியத் ஆர்மீனியாவுல எரிவான் ரேடியோ 1955ல இருந்து குர்திஷ்ல ஒலிபரப்புச்சு. அவர் அப்பா கதவைச் சாத்திட்டு சவுண்டைக் குறைச்சு காதை ரேடியோவோட ஒட்டி வெச்சுப்பாராம். “எரிவான் ஹெபெர் திதே”, எரிவான் பேசுது, அந்த ஒரு வரியைச் சொல்றப்பவே இவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அந்த ரேடியோவுல பாடுன பெரிய குரல்ல ஒருத்தர் கரபெதே ஹாசோ, பொறப்பால ஆர்மீனியர், 1915 படுகொலையில தப்பிச்ச பையன், சாகுற வரைக்கும் (2005) குர்திஷ்லதான் பாடுனாரு.

மத்தியானம் மறுபடி அந்த வீட்டுக்கே போயிட்டேன். இன்னிக்கு தெர்வேஷே எவ்தி கதை. தெர்வேஷ் யஸீதி, அவன் நேசிச்ச எதூலே மிலான் கூட்டத்துத் தலைவரோட மக, முஸ்லிம். மதம் வேற, கல்யாணம் நடக்காது. எதிரிப்படை வருது. தலைவர் ஒரு கப் கடுங்காப்பியை மககிட்ட குடுத்து சபையில கொண்டு போகச் சொல்றாரு, யார் எடுத்துக் குடிக்கிறானோ அவன் அந்தப் படையை எதிர்க்கணும், ஜெயிச்சு வந்தா எதூலே அவனுக்கு. அத்தனை இளவட்டமும் தலையைக் குனிஞ்சுக்குது. கப் கைமாறாம சுத்தி வருது. தெர்வேஷ் எடுத்துக் குடிக்கிறான், அது அவனைக் கொல்லத்தான் வந்த கப்புன்னு தெரிஞ்சே.

தாத்தா அந்த எடத்துல குரலை உயர்த்துவாருன்னு நெனச்சேன். தாழ்த்துனாரு. கிட்டத்தட்ட பேச்சு மாதிரி ஆயிடுச்சு, முற்றத்துல டம்ளர் சத்தம்கூட இல்ல. அதுக்கப்புறம் அவன் செத்த களத்துல எதூலே ஒப்பாரி, “தெலால்… தெலால்…”னு. தெலால்னா அழகன், அருமையானவன். மறுபடியும் அந்தப் பொண்ணு குரல், அந்த வெள்ளை மீசைக்குள்ள இருந்து.

இந்த ஊர்ல பொறந்த ஒரு பொண்ணு நெசமாவே தன் குரல்ல பாடுனா. ஐஷே ஷான், 1938ல பொறந்தவங்க. அப்பாவே தெங்பேஜ். ஆனா பொண்ணு பாடுறதை வீட்ல ஏத்துக்கல. ஊரை விட்டாங்க, ஜெர்மனி வரைக்கும் போனாங்க, 1996ல இஸ்மிர்ல தனிமையில செத்தாங்க. ராத்திரி ரூம்ல அவங்க ரெக்கார்டிங் போட்டேன். தாத்தாக்கள் அழகா அழுறாங்க. இவங்க குரல்ல அழுகையே இல்ல, அழுது முடிச்சதுக்கு அப்புறம் இருக்கற வறட்சி இருக்கு. எனக்கு இதுதான் கூடுதலா வலிச்சுது.

நாள் 3, சில்வான் வழியா

ஒரு மணி நேரம் மட்டும் எறங்குனேன். பழைய கோட்டையில ஒரு கோபுரத்தை ஸெம்பீல்ஃபிரோஷ் கோபுரம்னு காட்டுறாங்க, கூடை விக்கிறவன். அரண்மனை வாழ்க்கையை உதறிட்டு கூடை முடைஞ்சு வித்துப் பிழைக்கிற ஒருத்தன், அவனைப் பாத்து மயங்கி உள்ள கூப்பிட்டு கதவை அடைக்கிற ராணி, அவன் தப்பிக்க கோபுரத்துல இருந்து குதிக்கிறான். ஃபெகியே தெய்ரான் இதைக் கவிதையா எழுதியிருக்காரு, ஜனங்க வேற வேற மெட்டுல பாடுறாங்க. இங்கயும் பாருங்க, ஆசையை வாய்விட்டுச் சொல்றவ அவதான்.

அப்புறம் வேன்ல தெற்கு நோக்கி. டிரைவர் சொன்ன ஊர்ல எறக்காம மெயின் ரோட்டுலயே எறக்கிட்டுப் போயிட்டாரு, ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன். அதுலயும் ஒண்ணு கெடச்சுது, மலையில இருந்து எறங்கி வர்ற ஒரு பெரிய ஆட்டு மந்தை. அக்டோபர் கடைசி. கோடையெல்லாம் ஸோஸான்னு சொல்ற மேல்மலை மேய்ச்சல்ல கூடாரம் போட்டுட்டு, குளிர் தொடங்கறப்ப கீழ வந்துடுவாங்க. மேல இருக்கறப்ப வேற வேற கூட்டம் பக்கத்துல பக்கத்துல, பாக்கலாம் பேசலாம், ஊத்துல தண்ணி எடுக்கறப்ப கண்ணு பேசும். எறங்கிட்டா அடுத்த வருஷம்தான், அதுவும் அவளைக் கட்டிக் குடுக்காம இருந்தா. இதுக்குன்னே பாயிசோக்னு ஒரு வகை இருக்கு, பாயிஸ்னா இலையுதிர் காலம். அதுல பழுத்த இலை வந்தா, பனி வந்தா, பிரிச்ச கூடாரத்தோட குழி வந்தா அது பருவத்தைச் சொல்றது இல்ல. பிரிவுங்கற வார்த்தையே அதுல வர வேண்டியதில்ல, கேக்கறவங்களுக்குத் தெரியும்.

நாள் 4, ஜிஸ்ரே

டைக்ரிஸ் இங்க அகலமா, மெதுவா. மெம், ஸீன்னு சேர முடியாமப் போன கதைக் காதலருங்க ரெண்டு பேரையும் புதைச்ச எடம்னு சொல்ற கல்லறை மீர் அப்தால் மசூதிக்குக் கீழ, சில படி எறங்கிப் போகணும். குளுமையா இருட்டா இருக்கு. எஹ்மெதே ஹானி 1692ல இந்தக் கதையை 2,600க்கு மேல ஈரடியில எழுதி முடிச்சாரு, ஆனா அதுக்கு முன்னாடியே மெமே ஆலான்ங்கற பேர்ல ஜனங்க வாயில பாட்டா இருந்துச்சு. வாய்ப்பாட்டுல தேவதைங்க ராத்திரியில ரெண்டு பேரையும் ஒண்ணு சேத்து வெச்சு, மோதிரம் மாத்திக்கிட்டு, விடிஞ்சதும் பிரிச்சுடுவாங்க. கையில இருக்கற மோதிரம்தான் அது கனவில்லைங்கறதுக்கு சாட்சி. ஹானி கையில அது ஆன்மா கடவுளைத் தேடுற கதையாவும் ஆச்சு, ராஜா இல்லாம சிதறிக் கிடக்கற ஒரு ஜனத்தோட கதையாவும் ஆச்சு. நம்ம ஜனத்துக்கும் இந்தக் காதல் பேச ஒரு மொழி இருக்குன்னு காட்டத்தான் குர்திஷ்ல எழுதுறேன்னு அவரே சொல்றாரு.

கல்லறையில மூணாவது ஒருத்தன் இருக்கான். கோள் மூட்டிப் பிரிச்ச பெகோ, காலடியில. அவன் ரத்தத்துல இருந்து ஒரு முள்செடி மொளைச்சு, ரெண்டு கல்லறை மேல பூத்த ரோஜாவுக்கு நடுவுல நின்னு சேர விடாம பண்ணுச்சுன்னு கதை. இன்னிக்கும் ரெண்டு பேரைப் பிரிச்சு வெக்கிறவனுக்கு இங்க பேரு பெகோதான்.

படியேறி வர்றப்ப கறுப்புத் துணி போட்ட ஒரு அம்மா சுவரைத் தொட்டு கும்பிட்டுட்டு இருந்தாங்க, முக்காட்டுக்குக் கீழ ரெண்டு நரைச்ச ஜடை. ஜடைக்கு கெஸீன்னு பேரு. புருஷனோ கூடப்பொறந்தவனோ செத்தா கெஸீயை அறுத்து பிணத்து மேலயோ கல்லறை மேலயோ வைக்கிற வழக்கம் இருந்துச்சு. இது தெரிஞ்சதுக்கப்புறம் காதல் பாட்டுல ஜடையை வர்ணிக்கிறப்ப எனக்கு சாதாரணமா கேக்க முடியல. நீளமான ஜடைன்னா அழகு, சரி, ஆனா இன்னும் அறுக்கப்படாத ஜடைன்னும் அர்த்தம், அவளோட ஆம்பளைங்க உசுரோட இருக்காங்கன்னு அர்த்தம்.

சாயங்காலம் செங்கல்லுல கட்டுன செவப்பு மதரஸா. பழைய கவிஞர் மெலாயே ஜிஸீரி இங்கதான் அடங்கியிருக்காரு. அவரோட ரோஜாவும் குயில் மாதிரி பாடுற புல்புல்லும், மெழுகுத்திரியும் விட்டிலும் பாரசீகத் தோட்டத்துல இருந்து வந்தது, கெவ்வும் ஸோஸானும் மலையில இருந்து வந்தது. இப்ப ரெண்டும் ஒரே பாட்டுலகூட கலந்து வருது. எனக்கு மனசுக்குப் பிடிச்சது மலைதான். தோட்டத்து ரோஜா யாருக்கும் எங்கயும் பூக்கும், கூண்டுக் கவுதாரியோட துரோகம் இந்த மண்ணுல நடந்தவங்களுக்கு மட்டும் தெரிஞ்சது.

நாள் 5, ஸாகோ

எல்லையில முழுப் பகலும் போச்சு. இந்தப் பக்கம் வந்தா ஈராக், ஆனா அதே மொழி, அதே பாட்டு. ஜிஸ்ரேல பொறந்த முஹம்மத் ஆரிஃப் ஜிஸ்ராவி இப்படித்தான் இந்தப் பக்கம் வந்து பாக்தாத் ரேடியோவுல பாடுனாரு. பாக்தாத்ல 1939லயே குர்து ஒலிபரப்பு தொடங்கியாச்சு, மெர்யெம் ஹான்ங்கற பெண் பாடகியோட குரலும் அங்கதான் இசைத்தட்டுல பதிஞ்சுது. ஐஷே ஷானுக்கு ஒரு தலைமுறை முன்னாடி.

சூரியன் எறங்கறப்ப தெலால் பாலத்துல நின்னேன், காபூர் ஆத்து மேல பெரிய கல் வளைவு. பாலம் நிக்கணும்னு தெலால்ங்கற பொண்ணை சுவத்துக்குள்ள வெச்சுக் கட்டுனதா கதை. தியார்பக்கிர் முற்றத்துல கேட்ட அதே “தெலால்”. அங்க செத்தவனைக் கூப்பிட்ட பேரு, இங்க கல்லுக்குள்ள போனவ பேரு. பாலத்துல பசங்க செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தாங்க, நான் கல்லைத் தொட்டுட்டு வந்துட்டேன்.

நாள் 6, எர்பில்

கோட்டைக்குக் கீழ டீக்கடை. ஆளுங்க பேசுறது சொரானி, வடக்குல கேட்ட குர்மாஞ்சி இல்ல, எனக்கு அதுவரைக்கும் பழகுன பத்து வார்த்தையும் பாதி உதவல. இந்த சமவெளியோட சொத்து ஹைரான்ங்கற பாட்டு. ஹைரான்னா திகைச்சு நிக்கிறவன், மயங்கிப் போனவன். உன்மேல ஹைரான், உனக்காகப் பலியாறேன், இந்த மாதிரி சொல்றது இங்க சாதாரணப் பேச்சுலயே உண்டு, டீ குடுக்கறவர்கூட “செர் சாவான்”னுதான் சொல்றாரு, கண்ணு மேல வெச்சு.

பக்கத்து டேபிள்ல இருந்த ஒரு விவசாயி ரெண்டு நிமிஷம் பாடிக் காட்டுனாரு. இதுலயும் தாளம் இல்ல. பயாத் மகாம், மகாம்னா நம்ம ராகம் மாதிரி. அந்த மகாம்ல ரெண்டாவது சுரம் நம்ம ஹார்மோனியக் கட்டைங்க எதுலயும் உக்காராது, ரெண்டு கட்டைக்கு நடுவுல ஒரு எடத்துல நிக்கும், அந்த நடு எடத்துலதான் மொத்த ஏக்கமும் இருக்குன்னு எனக்குத் தோணுது, அவர் அதைத் தொட்டுட்டு ஆதார சுரத்துக்கு எறங்கறதுக்குள்ள வேணும்னே தாமதிக்கிறாரு. ஒரு வரியில ஊத்து வருது. ஊத்துன்னா பொண்ணு குடம் எடுத்துட்டு தனியா வெளிய வரக்கூடிய எடம், அதனால பாட்டுல கானீ, அதாவது ஊத்து, வந்தாலே சந்திப்பு.

நாள் 7, சுலைமானியா

புது ஊர்தான், 1784ல பாபான் இளவரசர் ஒருத்தர் கட்டுனது, ஆனா கவிஞருங்க இல்லாத தெரு இல்ல. 2019ல யுனெஸ்கோ இலக்கிய நகரம்னு பேரு குடுத்துச்சு. ஷஅப் டீக்கடை சுவர் பூரா எழுத்தாளர், பாடகர் போட்டோ. இங்க எனக்கு வழிகாட்டுறது ஒரு மாணவி, என்னை “தாதா”ன்னு கூப்பிடுறா, அக்கான்னு அர்த்தம்.

இங்க பாட்டோட நடை மாறுது. முதல்ல மகாம், மெதுவா, தாளம் இல்லாம ஒரு கவிதை, நாலியோ மவ்லவியோ எழுதுனது. அது கேக்கறவங்களைக் கனமாக்கி முடிச்ச ஒடனே பெஸ்தே, சின்னப் பாட்டு, தாளத்தோட, எல்லாரும் கை தட்டிச் சேந்து பாடுறது. பெஸ்தேல நெறைய ஜுர்ஜினா தாளம், பத்து எண்ணிக்கை, மூணு ரெண்டு ரெண்டு மூணுன்னு பிரியும். அந்தப் பொண்ணு மேஜையில தட்டிக் காட்டுனா. ஒடிஞ்சு ஒடிஞ்சு போற மாதிரி இருக்கும், ஆனா கால் தானா எழுந்துக்கும். கல்யாணத்துல தாளப் பாட்டுக்குக் கை கோத்து ஆடுறாங்க, ஆம்பளையும் பொம்பளையும் மாத்தி மாத்தி நின்னா அதுக்கு ரெஷ்பெலெக்னு பேரு, கறுப்பும் வெள்ளையும் கலந்தது. ஊரே பாக்கறப்ப பிடிச்சவனோட சுண்டு விரலைப் பிடிச்சு நிக்க மானம் போகாத ஒரே எடம் அந்த ஆட்டம்தான், அதான் காதல் பாட்டுல ஆட்டமும் கைக்குட்டையும் அவ்ளோ வருது.

ஹசன் ஸீரக் பேரைச் சொல்லாத கடை இல்ல. 1921ல ஈரான்ல பூகான்ல பொறந்தவர், பரம ஏழை, படிப்பு இல்ல, ஆயிரம் பாட்டுக்கு மேல பாடுனாருன்னு இங்க சொல்றாங்க, பாக்தாத், தெஹ்ரான், கெர்மான்ஷா மூணு ரேடியோவுலயும் அவர் குரல் இருந்துச்சு, 1972ல செத்தாரு. அவர் பாட்டு கேட்டா கஷ்டப்பட்டவர்னு தோணாது, துள்ளும். மவ்லவி நேர் எதிர். மனைவி அன்பர் காத்தூன் செத்ததுக்கு அவர் எழுதுன இரங்கல் கவிதைங்களை ஜனங்க இன்னும் காதல் பாட்டாத்தான் பாடுறாங்க. அதை அந்தப் பொண்ணு சொல்றப்ப தெரிஞ்சுது, இங்க காதல் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடுவுல வேலியே கிடையாது. எதூலே பாடுனதும் அதுதான்.

நாள் 8, ஹலப்ஜா, தவேலா

ரோட்டோரம் மலை மலையா மாதுளை. ஹலப்ஜா மாதுளைக்குப் பேர் போன ஊர், இந்த சீசன்ல திருவிழாவே நடத்துறாங்க. பாட்டுல மாதுளைன்னா கன்னம், மார்பு, வெட்கம். ஒரு வியாபாரி ஒண்ணை உடைச்சு என் உள்ளங்கையில கொட்டுனாரு, காசு வாங்கல. 1988 மார்ச் 16ல இந்த ஊர் மேல விஷ வாயு போட்டாங்க, கிட்டத்தட்ட 5,000 பேர் செத்தாங்க. நினைவிடத்துல பேருங்க சுவர் பூரா. வெளிய வந்தப்ப கையில மாதுளைக் கறை இன்னும் இருந்துச்சு, ரொம்ப நேரம் எதுவும் பேசல ரெண்டு பேரும்.

அங்கிருந்து மலை ஏறுனா ஹவ்ராமான். வீடுங்க படிக்கட்டு மாதிரி, ஒரு வீட்டு மாடிதான் மேல் வீட்டு முற்றம், வாதுமை மரம், கையால தைக்கிற வெள்ளை கிளாஷ் செருப்பு. இங்க பாடுறது சியாசெமானே. கறுங்கண்ணின்னு அர்த்தம். கண்ணுதான் மொத்தப் பாட்டுக்கும் பேரு. தவேலாவுல கிளாஷ் தைக்கிற ஒருத்தர் வேலையை நிறுத்தாமலே பாடுனாரு, இங்கயும் வாத்தியம் இல்ல, ஆனா தியார்பக்கிர் கொட்டல் இல்ல. ஒவ்வொரு வரியும் சரியா பத்து அசை, அஞ்சு அஞ்சா ஒடியும், அந்த நடுவுல தொண்டை ஒரு வெட்டு வெட்டுது, குரல் மேல போய் ஒடைஞ்சு கீழ வருது, எதிர் மலையில இருக்கறவனுக்குக் கேக்கணும்னு உண்டான பாட்டு மாதிரி. அவர் ஒரு வரி பாட, பக்கத்துல உக்காந்திருந்தவர் காதுல கை வெச்சு அடுத்த வரியை எடுத்தாரு. ஊசி நிக்கவே இல்ல.

பொம்பளைங்களும் பாடுவாங்களான்னு கேட்டேன். சிரிச்சாரு. “எங்களை விட நல்லா.” எங்க கேக்கலாம்? அதுக்கு பதில் வரல.

நாள் 9, சுலைமானியா, ஒரு வீட்டுல

வழிகாட்டுன பொண்ணு வீட்டுக்கு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா. அவ அம்மா வடக்குல துஹோக் பக்கத்துக்காரங்க, கல்யாணமாகி இங்க வந்தவங்க, அதனால அவங்க பேச்சு குர்மாஞ்சி, மக பேசுறது சொரானி, ரெண்டும் ஒரே வீட்டுல ஓடுது. ஆம்பளைங்க முன்னறையில டிவி. என்னை நேரா சமையலறைக்குக் கூட்டிட்டுப் போய் தரையில உக்கார வெச்சு, கையில திராட்சை இலையைக் குடுத்துட்டாங்க. யாப்ராக். அரிசியும் கொத்துக்கறியும் புளிப்பும் வெச்சு சுருட்டணும். என் சுருட்டல் பெருசா வருது, “கெச்சா மின்”னு சொல்லிட்டே அவிழ்த்து மறுபடி காட்டுறாங்க, என் பொண்ணேன்னு.

பேச்சுல தியார்பக்கிர் தாத்தாவைப் பத்திச் சொன்னேன், அந்த ‘லோ’வைப் பத்தி. மக மொழிபெயர்க்க அவங்க ஒண்ணும் சொல்லல. எழுந்து போய் மரப்பெட்டியில இருந்து ஒரு துணி மூட்டை கொண்டு வந்தாங்க. உள்ள ஒரு ஆப்பிள், காஞ்சு முஷ்டி அளவுக்குச் சுருங்கினது, மேல எடமே இல்லாம கிராம்பு குத்தியிருக்கு. மூக்குகிட்ட வெச்சா இன்னும் வாசம். நிச்சயத்துக்கு முன்னாடி குடுத்தது, இது மாதிரி கிராம்பு குத்துன ஆப்பிள் குடுத்தா பேச வேண்டியது இல்ல, பாட்டுல ஆப்பிள் வந்தா இதுதான். ஒவ்வொரு கிராம்பா குத்த ஒரு சாயங்காலம் ஆகுமாம், வீட்ல யாருக்கும் தெரியாம. யார் யாருக்குக் குடுத்ததுன்னு மக கேட்டா. அம்மா முன்னறைப் பக்கம் தலையை மட்டும் ஆட்டுனாங்க. “நான்தான் குடுத்தேன்.”

அப்புறம் இலையை எடுத்து சுருட்ட ஆரம்பிச்சவங்க, தலையைத் தூக்காம, ரொம்பத் தாழ்வா, “லோ…”ன்னு எடுத்தாங்க. என் கை தானா போனுக்குப் போச்சு. ஒடனே நிறுத்திட்டாங்க. போனை வெளிய எடுக்காம கையை மறுபடி இலைகிட்ட கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் பானைச் சத்தம் மட்டும். மறுபடி எடுத்தாங்க.

தாத்தாக்கிட்ட கேட்ட அதே எறக்கம், அதே நாலஞ்சு சுரம், கடைசி அசை. ஆனா அந்தக் கூப்பாடு இல்ல, காதுகிட்ட கை இல்ல, கை ரெண்டும் அரிசியில. வரி முடியறப்ப குரல் நீளல, இலை சுருட்டி முடியற எடத்துல முடிஞ்சுது, அடுத்த இலைக்கு அடுத்த வரி. மக வாயைத் திறந்து மொழிபெயர்க்கப் போனவ, விட்டுட்டா.

முன்னறையில டிவி சத்தம் குறைஞ்சுது. யாரோ ரிமோட்டை அழுத்தியிருக்காங்க. ஒருத்தரும் எழுந்து வரல. அம்மா இன்னொரு இலையை எடுத்து நரம்பைக் கிள்ளி எறிஞ்சுட்டு உள்ளங்கையில விரிச்சாங்க.